நூற்றிருபது பைகள்

ஈயம் உருக்கும் தொழிற்சாலையின் பின்மதிலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது வீடு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, ஆளுக்கொரு துண்டுக் கொல்லை, கொல்லையில் ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். தெருவில் பாதிக்குமேல் மதிலுக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள். பழைய பேட்டரிகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி, உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கிக் கட்டியாக வார்த்து அனுப்புவது அங்கே தொழில்.

பதினேழாம் எண் வீட்டுக்காரர் அங்கே உலைக்குத் தலைமை ஆள். தெருவுக்கு அவர் உலைக்காரர். பதினான்கு வருஷமாக இந்த மனுஷன் உலையோடுதான் குடித்தனம் நடத்துகிறார் என்று மனைவியே கேலி செய்வாள். பெரிய பீப்பாய்போலப் படுத்தவாக்கில் உருளும் அந்த உலையின் சத்தத்தை வைத்தே உள்ளே எவ்வளவு உருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மற்றபடி வாயைத் திறக்க அவருக்குக் காரணம் எதுவும் அகப்படுவதில்லை. அந்தக் குறையை மனைவி தீர்த்துவைத்தாள். அவள் தையல்காரி. முன் அறையில் ஜன்னலோரமாக மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை, திரைச்சீலை, சந்தைக்காரர்களுக்குச் சாக்குப்பை என்று வந்ததையெல்லாம் தைத்தாள். காலும் நாக்கும் ஒரே வேகத்தில் ஓடும். மூன்றாம் வீட்டில் இருந்த நாத்தனார், உலைக்காரரின் தங்கை, பேட்டரி உடைக்கிற கொட்டகையில் வேலை. வேலை முடிந்ததும் அண்ணி வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள்.

உலைக்காரருக்கு ஒரே பெண். நாலரை வயது. பேர் என்னவாக இருந்தாலும் வாலு என்றால்தான் தெருவுக்குத் தெரியும். மிஷினுக்கு அடியில் புகுந்து மிதிப்பலகையைப் பிடித்து நிறுத்துவாள். துண்டுத் துணிகளை அள்ளிக்கொண்டு போய்ப் பூனைக்குச் சட்டை போடுவாள். அப்படிப்பட்டவள் ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனாள். வயிறு வலிக்கிறது என்றாள். தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்தாள். நன்றாகத் தெரிந்திருந்த வார்த்தைகளைக்கூட அவள் தேட ஆரம்பித்ததுதான் தாய்க்கு முதலில் உறுத்தியது. கத்தரிக்கோலைக் காட்டி, "அம்மா, அந்த... வெட்றது" என்றாள். போன வருஷம் அதே குழந்தை கத்தரிக்கோல் என்று சொல்லி, எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் கண்டுபிடி என்று தாயை அலையவிட்டவள்.

பூச்சிமருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சத்துமாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பெரிய சாலையில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லவில்லை. முதலில் அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சீட்டு எழுதினார்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. நாற்பத்தொன்று என்று ஓர் எண். தையல்காரிக்கு அது கூடவா குறைச்சலா என்று தெரியவில்லை.

"குழந்தைங்க ரத்தத்துல ஈயமே இருக்கக் கூடாதும்மா," என்றார் டாக்டரம்மா. "அஞ்சு இருந்தாலே நாங்க யோசிப்போம். இது நாப்பத்தொண்ணு. இன்னும் நாலு ஏறினா ஆஸ்பத்திரில சேத்து மருந்து ஏத்தணும். அதுக்கு முன்னாடி உள்ள போறத நிறுத்திட்டா, உடம்பு தானே கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளும்."

"காத்துல வருதுங்களா?"

"காத்துலயும் வருது. ஆனா காத்து வெளிய இருக்கு. வீட்டுக்குள்ள யாரு கொண்டு வர்றா?"

அவளுக்கு உடனே புரியவில்லை. டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற துணி எங்கே துவைக்கிறது? வீட்டில். துவைக்கும்போது குழந்தை எங்கே இருக்கும்? பக்கத்திலேயே, அழுக்குத் தண்ணீரில் கையை அளைந்துகொண்டு. அப்பா வந்ததும் என்ன செய்வாள்? ஓடிப்போய்த் தோளில் ஏறிக்கொள்வாள். அதற்குமேல் டாக்டரம்மா கேட்கவில்லை. கீரை, முட்டை, பால் நிறையக் கொடுக்கச் சொன்னார். கையை அடிக்கடி கழுவச் சொன்னார். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலம் உலைக்காரர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் குழந்தை எழுந்து ஓடப் போனாள். தாய் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"அங்கயே நில்லுங்க," என்றாள். "கொல்லை வழியா வாங்க. குழாயடியில துணியைக் கழட்டிட்டு, தலையோட குளிச்சிட்டு உள்ள வாங்க."

அவர் நின்றார். பதினான்கு வருஷத்தில் அந்த வாசல் அவரை ஒருநாளும் நிறுத்தியதில்லை. கொல்லைப்பக்கம் சுற்றிக்கொண்டு போனார். குழந்தை ஏன் அப்பா வரவில்லை என்று அழுதாள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம் அவள் சீட்டைக் காட்டி, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"நான்தானா?" என்றார்.

அவள் சீட்டை மடித்து வைத்தாள். அவரே மேலே சொன்னார். "எனக்கு அறுபத்தி நாலு. போன வருஷம் கம்பெனில ரத்தம் எடுத்தப்பவே சொன்னாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைய விடச் சொல்லுவே. எனக்கு வேற எது தெரியும்?"

கை மூட்டு வலி, மலச்சிக்கல், காரணமில்லாத எரிச்சல் என்று ஒன்றரை வருஷமாக அவர் பட்டதெல்லாம் அவளுக்கு இப்போது வேறு மாதிரி அர்த்தமாயிற்று. கத்தியிருக்கலாம். அவளைத் தெரிந்தவர்கள் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவளோ வெட்டுமேஜையில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, தையல் சாக்கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அந்தத் தூசி உலைலேர்ந்து எப்படி வெளிய வருது? எனக்குப் படம் போட்டுக் காட்டுங்க."

உலைக்காரர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அதுவே முதல் தடவை என்று அவள் பிற்பாடு எல்லாரிடமும் சொல்வாள். மேஜைமேல் உலையை வரைந்தார். உலையின் வாயிலிருந்து புகையை இழுத்துப் போகும் பெரிய குழாயை வரைந்தார். குழாய் போய்ச் சேருகிற இரும்பு அறையை வரைந்தார். அந்த அறைக்குள் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளத்தில் நூற்றிருபது துணிப்பைகள் தொங்குகின்றன. புகை பைகளின் துணியைத் துளைத்துக்கொண்டு போகும்போது ஈயத்தூசி துணியிலேயே தங்கிவிடும். சுத்தமான காற்று புகைபோக்கி வழியாக மேலே போகும். அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் பைகள் கிழிகின்றன. காற்றை இழுக்கிற விசிறியை முழு வேகத்தில் போட்டால் இன்னும் கிழிகின்றன என்று பாதி வேகத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். இழுப்பு பத்தாததால் உலையின் வாயிலேயே புகை பொங்கி வழிகிறது. மிச்சம் கிழிசல் வழியாகப் புகைபோக்கிக்குப் போய் தெருவில் இறங்குகிறது.

"எந்த இடத்துல கிழியுது?"

"தையல்ல."

"துணி?"

"துணிக்கு ஒண்ணும் ஆகல. கம்பளி மாதிரி தடியா, கல்லு மாதிரி இருக்கு. தையல்தான் விட்டுப்போவுது."

அவள் சாக்கட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். "எனக்கு ஒரு பை வேணும்," என்றாள். "புதுசு. உள்ள தொங்கினது வேணாம்."

ஸ்டோரில் உபரியாக வைத்திருந்த புதுப்பை ஒன்றை நாத்தனார்தான் கேட்டு வாங்கி வந்தாள். அதைத் தரையில் விரித்து இரண்டு பெண்களும் மண்டி போட்டு உட்கார்ந்தார்கள். தையல்காரி விளிம்பைப் பிரித்து ஒரு நூலை உருவினாள். விரலில் சுற்றி இழுத்தாள். நுனியை நெருப்பில் காட்டினாள். சுருளாமல் உருகாமல் காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகி உதிர்ந்தது.

"பருத்தி நூல்," என்றாள். பிறகு நாத்தனாரைப் பார்த்துக் கேட்டாள். "நீ ஏன் வேலைக்கு பாலியஸ்டர் புடவையே கட்டிட்டுப் போறே?"

"பருத்தி கட்டினா பேட்டரி ஆசிட் பட்டு வாரத்துல சல்லடையாயிடும் அண்ணி. அது அங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும் தெரியுது. இந்தப் பை தச்சவனுக்குத் தெரியல. அந்தப் புகையில ஆசிட் இருக்காதா? துணி தாங்குது, நூல் தாங்கல. அதுவும் ஒத்தைத் தையல். என் சாக்குப்பைக்கே நான் ரெட்டைத் தையல் போடுவேன்."

உலைக்காரர் மறுநாள் இதை மேனேஜரிடம் போய்ச் சொன்னார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயும் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. மேலே இருந்து நெருக்குகிறவர்களுக்கும் கீழே இருந்து கேட்கிறவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தலை நரைத்தவர். புதுப்பைகளுக்கு எழுதிப் போட்டாகிவிட்டது, நாலு மாதத்தில் வரும், அதே கம்பெனிப் பைகள்தான் என்றார். பாவாடை தைக்கிறவர்கள் யோசனை கேட்டுப் பிளான்ட் ஓட்டும் நிலைமை தனக்கு இன்னும் வரவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். உலைக்காரர் அந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டில் சொல்லாமல் விழுங்கிவிட்டார். நாத்தனார் மூலமாக அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இதற்குள் தையல்காரி டாக்டரம்மாவைத் தெருவுக்கே அழைத்து வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடிப் பாலர் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது இருபத்தாறு பேருக்கு எண் ஏறியிருந்தது. ரயில் பாதையோரத்து வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு ஐம்பத்தெட்டு. அவனை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தெருவில் அன்று யார் வீட்டிலும் அடுப்பு நேரத்துக்கு எரியவில்லை.

மறுநாள் மதியம் பெண்கள் பதினேழாம் எண் வீட்டில் கூடினார்கள். முன் அறை கொள்ளாமல் வாசல்வரை நின்றார்கள். அழுகை ஒரு பக்கம், வசவு ஒரு பக்கம். ஊரைக் காலி பண்ணிவிடலாம் என்றாள் ஒருத்தி. போகிற இடத்தில் இவர்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்றாள் இன்னொருத்தி. கம்பெனியை இழுத்து மூடச் சொல்லலாம் என்று ஒரு குரல் வந்தபோது நாத்தனார் குறுக்கிட்டாள்.

"மூடினா நானும் வீட்லதான் உக்காரணும். எனக்கு மூட வேணாம். ஒழுங்கா ஓடணும்."

அதற்கு என்ன செய்வது என்று கேள்வி வந்தது. யோசனை தன்னுடையது என்று பிறகு பலர் சொந்தம் கொண்டாடினார்கள். சொன்னது நாத்தனார்தான்.

"நாளைலேர்ந்து யாரும் கம்பெனித் துணி துவைக்காதீங்க. மூட்டை கட்டி கேட்ல கொண்டுபோய் வைப்போம். அவங்க தூசி, அவங்களே வெச்சுக்கட்டும்."

அப்படியே செய்தார்கள். பெரிய பிளாஸ்டிக் பைகளில் சட்டையும் கால்சட்டையுமாகப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, வீட்டு எண் எழுதிய துண்டுச்சீட்டைக் குத்தி, காலை ஷிஃப்ட் உள்ளே போகிற நேரத்தில் முப்பது பெண்கள் கேட்டுக்கு முன்னால் வரிசையாக அடுக்கினார்கள். கத்தவில்லை, கோஷம் போடவில்லை. வைத்துவிட்டுத் திரும்பி வந்து அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வாட்ச்மேனுக்கு இதை என்னவென்று பதிவேட்டில் எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் 'துணி' என்று எழுதினார்.

ஆண்கள் சங்கடப்பட்டார்கள். ஒருவர் தானே துவைத்துக்கொள்கிறேன் என்று வீரமாகக் கொல்லைக்குப் போனார். குழாயைப் பூட்டி வைத்திருந்தாள் மனைவி. மாற்றுத்துணி இல்லாமல் அதே உடுப்போடு மூன்று நாள் உலைக்கு முன்னால் நின்றார்கள். கோடைக்காலம். மூன்றாம் நாள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு மாட்டைக் கட்டியிருந்தால்கூட இந்நேரம் குளிப்பாட்டியிருப்பார்கள் என்று ஈயத்தோடு கலக்க உலைக்குள் கரித்தூள் தள்ளுகிறவர் சொன்னதில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது கம்பெனியே குளிக்க இடமும் துவைக்க ஏற்பாடும் செய்ய வேண்டும் என்பது பெண்கள் பேச்சாக இல்லாமல் அவர்கள் பேச்சாகவும் ஆகியிருந்தது.

நாலாம் நாள் மேனேஜர் உலைக்காரரைத் தேடி உலையடிக்கே வந்தார். உலை உருண்டுகொண்டிருந்தது. வாயிலிருந்து வழிந்த புகை இருவருக்கும் நடுவே மிதந்தது. மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"வீட்டம்மாவைக் கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதாப்பா?"

உலைக்காரர் சுற்றிலும் பார்த்தார். கரி தள்ளுகிறவர், கழிவு வழிக்கிறவர், வார்ப்பு அச்சுக்காரர்கள் இரண்டு பேர், எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"சார், இப்ப உருள்ற சுமைய முடிச்சு இறக்கிடறோம்," என்றார். "பாதில நிறுத்தினா உள்ளேயே இறுகி உலை பாழாயிடும். அது நமக்கு வேணாம். ஆனா அடுத்த சுமை ஏத்த மாட்டேன். பை எல்லாத்தையும் மாத்தணும். விசிறியை முழு வேகத்துல போடணும். இந்த வாய்ல ஒரு இழைகூடப் புகை வரலன்னு நான் பாக்கணும். அப்புறம் ஏத்தறேன்."

"யாரைக் கேட்டு இந்த முடிவு எடுத்தே?"

"உலை உன் பொறுப்புன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க சார்."

மேனேஜர் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு உலையைச் சாய்த்து, உருகிய ஈயம் முழுவதையும் அச்சுகளில் இறக்கினார்கள். கடைசிச் சொட்டுவரை ஒழுங்காக, அவசரமில்லாமல் செய்தார்கள். பிறகு எரிவாயுவை மூடினார் உலைக்காரர். உலை இன்னும் இரண்டு சுற்று சும்மா உருண்டுவிட்டு நின்றது. தெருவில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த தையல்காரிக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. அந்த உறுமல் நின்றுபோய்த்தான், இத்தனை வருஷமாக அது கேட்டுக்கொண்டே இருந்தது என்பது தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து முதலாளி வந்தார். கறாரான ஆள், காரியவாதி. மேனேஜர் அறையில் உலைக்காரரையும் அவர் மனைவியையும் உட்காரவைத்துப் பேசினார். டாக்டரம்மாவும் வந்திருந்தார். உலைக்காரர் பையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது மேனேஜர் குறுக்கே வரவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. முந்தின வாரம் ஆட்களுக்கெல்லாம் ரத்தம் எடுக்க வந்த டாக்டரம்மா, நீங்களும் கொடுத்துவிடுங்களேன் என்று சொல்ல, அவரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருந்தார். ஈயக்கட்டியைத் தொட்டே பார்த்திராத, கண்ணாடி அறையில் உட்காருகிற அவருக்கு இருபத்தொன்பது என்று முந்தின நாள் முடிவு வந்திருந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் தினமும் அவர் காரில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

முதலாளி பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். தையல்காரி ஒரு கிண்ணத்தில் பேட்டரி ஆசிட்டும், அதில் இரண்டு நாள் ஊறப்போட்ட இரண்டு நூல்களும் கொண்டு வந்திருந்தாள். குச்சியால் ஒன்றைத் தூக்கினாள். பாதியிலேயே கரைந்து விழுந்தது. மற்றதைத் தூக்கினாள்; முழுசாக வந்தது. பையின் துணி எதனால் நெய்யப்பட்டதோ அதே இழையில் முறுக்கிய நூல் அது. சந்தையில் கூடாரத்துணி தைக்கிறவரிடம் கேட்டு வாங்கியது.

"எத்தனை நாள்ல தைப்பீங்க?" என்று கேட்டார் முதலாளி.

"துணியும் நூலும் நான் கேட்டது வந்தா, ஆறு மிஷின் போட்டு ஒம்பது நாள். மூணு வரிசைத் தையல் போடுவோம். ஆனா பை மட்டும் மாத்தினாப் பத்தாதுங்க."

"வேற என்ன?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆட்கள் எல்லாரும் சேர்ந்து எழுதியது. அழுக்குத்துணியைக் கழற்ற ஓர் அறை, அடுத்து குளிக்க ஓர் அறை, அதைத் தாண்டி வீட்டுத்துணி உடுத்த ஓர் அறை. போன வழியே திரும்ப முடியாதபடி. துணி துவைக்க உள்ளேயே மிஷின். உலை வாய்க்கும் வார்ப்பு அச்சுகளுக்கும் மேலே புகையை வாங்கிக்கொள்ள இரும்புக் கூண்டு. உடைக்கிற கொட்டகையில் தூசி பறக்காமல் தண்ணீர்த் தூவல், அந்தத் தண்ணீர் தெருவுக்கு வராமல் தொட்டி. ஆளுக்கு ஒரு நல்ல முகமூடி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம். எண் ஏறினவருக்கு அது இறங்கும்வரை அதே சம்பளத்தில் வேறு வேலை. தெருவில் மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு நல்ல மண் பரப்பித் தருவது.

முதலாளி இரண்டு தடவை படித்தார். அதிகம் என்றார். டாக்டரம்மா பிள்ளைகளின் பட்டியலை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இதை அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டியது தன் கடமை என்றும், அனுப்பியாகிவிட்டது என்றும், அவர்கள் வருவதற்குள் வேலை ஆரம்பித்திருந்தால் எல்லாருக்கும் நல்லது என்றும் அமைதியாகச் சொன்னார். அப்போது மேனேஜர் வாயைத் திறந்தார்.

"சார், இதுல ஒண்ணைக்கூட வெட்ட முடியாது. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

உலைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி பேனாவை எடுத்தார்.

பாலர் பள்ளிக்கூடத்துக்கு அப்போது விடுமுறை. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு ஆறு மிஷின்களைப் போட்டார்கள். தடித்த துணி, ஊசிகள் பட்பட்டென்று உடைந்தன. முதல் நாள் இரண்டே பை முடிந்தது. தையல்காரி ஒவ்வொரு பையையும் வாயைக் கட்டி, சைக்கிள் பம்பு வைத்து ஊதி, தையல்மேல் சோப்புநீர் தடவிப் பார்த்தாள். குமிழி சீராக இல்லாமல் ஓரிடத்தில் கொப்பளித்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னாள். கல்யாணப் பட்டுக்குக்கூட இப்படிப் பார்க்கமாட்டாளே என்று மற்ற ஐந்து பேரும் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து கை பழகிவிட்டது. நாத்தனார் துணியை அளந்து வெட்டிக் கொடுத்தாள். சும்மா இருக்கப் பிடிக்காத ஆண்கள் டீ போட்டுக் கொடுத்தார்கள், சமைத்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டு ஓயாமல் ஆள் அனுப்பினார்கள். ஒன்பது நாள் என்றது பதினோரு நாள் ஆயிற்று.

மதிலுக்கு அந்தப் பக்கம் அதே நேரத்தில் கூண்டு ஏறியது, குளியலறை எழும்பியது. முகமூடி வந்தது. தாடி வைத்தவர்களுக்கு அது முகத்தோடு ஒட்டவில்லை, ஓரத்தில் காற்று புகுந்தது. உலைக்காரர் இருபது வருஷத் தாடியை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது குழந்தை அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க அப்பா வேலைக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

பைகளை மாட்டி முடித்து உலையைப் பற்றவைத்த அன்று தெருவே மதிலோரம் நின்றது. தையல்காரியை மட்டும் மேனேஜர் உள்ளே கூப்பிட்டிருந்தார். விசிறி முழு வேகத்தில் சுழன்றது. உலை வாயிலிருந்து எழுந்த புகை, வழி தெரிந்ததுபோல் நேராகக் கூண்டுக்குள் போயிற்று. ஆட்கள் முகத்தில் சிரிப்பு வந்தது. அதே சமயம் யாரோ மேலே கையைக் காட்டினார்கள். புகைபோக்கியின் உச்சியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கீற்று ஒன்று தெரிந்தது.

எந்தப் பை, யார் தைத்தது, தான் எதைச் சரியாகப் பார்க்காமல் விட்டோம் என்று தையல்காரியின் மனம் நூற்றிருபதையும் புரட்டியது. உலைக்காரர் பைகள் தொங்கும் அறையின் இரும்புச்சுவரில் காதை வைத்தார். நாலடி நகர்ந்து மறுபடி வைத்தார். விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, முகமூடியை இறுக்கிக்கொண்டு, பைகளை மாட்டிய ஃபிட்டரோடு உள்ளே போனார்.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றினார்.

"தையல் இல்ல," என்றார். "மூணாவது வரிசையில ஒரு பையோட வாய்ல இரும்பு வளையம் சரியா முறுக்காம விட்டிருக்காங்க. சீட்டி அடிச்சிட்டிருந்துது. முறுக்கியாச்சு."

விசிறியை மறுபடி போட்டார்கள். எல்லாரும் மேலே பார்த்தார்கள். பத்து நிமிஷம் பார்த்தார்கள். கழுத்து வலித்ததே தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆகாயம் மட்டும்தான் இருந்தது. மதிலுக்கு வெளியே பெண்கள் கை தட்டுகிற சத்தம் உலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மேனேஜர் தையல்காரி பக்கத்தில் வந்து நின்றார்.

"பாவாடை தைக்கிறவங்கன்னு சொன்னேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"அதையும் தைப்பேன் சார்," என்றாள் அவள். "உங்க வீட்டுக்கு வேணும்னா சொல்லி அனுப்புங்க."

எண்கள் உடனே இறங்கவில்லை. எலும்பில் குடியேறினது அவசரப்பட்டுக் காலி பண்ணாது என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார். மூன்று மாதத்தில் குழந்தைக்கு முப்பத்திரண்டு. ஆறாம் மாதம் இருபத்துமூன்று. வருஷம் திரும்பியபோது பதின்மூன்று. உலைக்காரரை நாலு மாதம் உலையைவிட்டு விலக்கி, புது ஆட்களுக்கு முகமூடி மாட்டவும் குளியலறை வழியாகப் போகவும் பழக்குகிற வேலை கொடுத்தார்கள். அறுபத்து நாலு முப்பத்தைந்துக்கு வந்ததும் உலைக்குத் திரும்பினார். ரயில் பாதையோரத்துக் கைக்குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்தான், ஆனால் நடக்கப் பிந்தினான். அவனுக்கு என்ன மிஞ்சும், என்ன மிஞ்சாது என்று இன்னும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. தெருவில் எந்தச் சந்தோஷம் வந்தாலும் பெண்கள் முதலில் அந்த வீட்டுக்குப் போய் அவனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தார்கள்.

வாலு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். இரண்டாம் வாரமே டீச்சர் ஆள் அனுப்பினார். வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறாள், பக்கத்துப் பிள்ளைகளையும் எழுதவிடுவதில்லை என்று புகார். தையல்காரி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து, பள்ளிக்கூட மதிலில் சாய்ந்துகொண்டு, அழுகையும் சிரிப்புமாக ஐந்து நிமிஷம் நின்றாள்.

அதற்கடுத்த வருஷம் கம்பெனியில் இரண்டாவது உலை வந்தது. அதற்கும் பைகள் அவர்கள் தைத்தவைதான். பாலர் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டகை எடுத்து ஆறு மிஷின் பத்தாகியிருந்தது. வேறு ஊர்களின் உருக்காலைகளிலிருந்தும் பை கேட்டு எழுதினார்கள். புது உலையை ஏற்றுவதற்கு முன்னால், பை தைத்தவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேனேஜரே ஒரு விதி எழுதி வைத்திருந்தார். தையல்காரி போனாள். அழுக்குத்துணி அறையில் கம்பெனி உடுப்பு மாட்டி, முகமூடி போட்டு, ஒவ்வொரு பையையும் வளையத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குளித்துத் தன் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். உலைக்காரர் புது உலையை ஏற்றினார்.

அவள் வீட்டுக்குத் திரும்பி வரும்போது தெருமுனையில் ஒரு வண்டியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாம் வீட்டுக்குப் புதுக் குடித்தனம். இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு இவளிடம் கேட்டாள்.

"ஏங்க்கா, இன்னைக்குக் கம்பெனி லீவா? எங்க வீட்டுக்காரர் நாளைக்கு வேலைல சேரணும்."

"லீவெல்லாம் இல்லம்மா," என்றாள் தையல்காரி. கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "ரெண்டு உலையும் ஓடிட்டிருக்கு. நீ சாமானை இறக்கு."